ஏர்கன் குழலும் குழல்வாய் இணைப்புகளும்: குறி எங்கே தவறுகிறது?

காற்றுத் துப்பாக்கி என்பது வெடிமருந்து இல்லாமல், அழுத்தப்பட்ட காற்றின் விசையால் சிறிய ஈயக்குண்டைச் செலுத்தும் கருவியாகும். பேச்சுவழக்கில் இதை ஏர்கன் என்கிறோம். குண்டைச் சிலர் ரவை என்பர், கடைக்காரர்கள் பெல்லட் என்பர். ஒரு ஏர்கன் வைத்த குறியில் அடிக்குமா என்பது சுடுபவரின் கையை மட்டும் பொறுத்ததன்று. குழல் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, அதன் வாய் விளிம்பு எந்த நிலையில் இருக்கிறது, வாயில் என்ன மாட்டப்பட்டிருக்கிறது என்பவை பத்து மீட்டருக்குள்ளேயே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன. அந்தக் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் வட்டாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திருவிழாக் கடையும் போட்டிக் களமும்

கரிசல்காட்டுப் பிள்ளைகள் பெரும்பாலோர் முதன்முதலில் ஏர்கனைத் தொடுவது திருவிழாவில்தான். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலின் ஆடிக் கடைசி வெள்ளி, கழுகுமலைப் பங்குனி உத்திரம் போன்ற கூட்டங்களில், துணித் திரையில் வரிசை வரிசையாகப் பலூன்களைக் கட்டி வைத்திருக்கும் கடையை எளிதில் காணலாம். காசு கொடுத்தால் சில குண்டுகள் கிடைக்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்று சுட வேண்டும். பலூனோ கையகலம் இருக்கும். ஆனாலும் பாதிக் குண்டுகள் பலூனுக்கும் பலூனுக்கும் நடுவே போய்த் துணியில் விழும். "துப்பாக்கி கோணல்" என்று வாங்கியவர் சொல்வார். "கை ஆடுது தம்பி" என்று கடைக்காரர் சொல்வார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

இதே 4.5 மி.மீ. குண்டை வைத்துத்தான் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியும் நடக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக்கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். அங்கே குறிப்பலகையின் நடுப்புள்ளி, அதாவது பத்து புள்ளிக்குரிய இடம், 0.5 மி.மீ. விட்டமே உடையது. கோவில்பட்டிக்காரருக்கு இதைத் தீப்பெட்டியை வைத்துச் சொன்னால் விளங்கும்: ஒரு தீக்குச்சியின் தடிமன் ஏறக்குறைய 2 மி.மீ. என்றால், அதில் கால்பங்கு. ஒவ்வொரு வட்டமும் முந்தையதைவிட மையத்திலிருந்து 2.5 மி.மீ. மட்டுமே தள்ளியிருக்கும். தசமப் புள்ளிக் கணக்கில் 0.1 புள்ளி என்பது வெறும் கால் மில்லிமீட்டர். இவ்வளவு நுட்பத்தில் குழலில் நேரும் சிறு குறையும் புள்ளிப் பட்டியலில் தெரிந்துவிடும்.

குண்டின் வடிவமும் மரையும்

ஏர்கன் குண்டு உருண்டையானது அன்று. இடுப்பு ஒடுங்கி, பின்பகுதி பாவாடைபோல் விரிந்து, உள்ளே குழிவாக இருக்கும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது மெல்லிய பாவாடை விரிந்து குழலின் உட்சுவரை அடைத்துக்கொள்கிறது, காற்று கசிவதில்லை. வெளியே பறக்கும்போது கனம் முன்னாலும் காற்றுத்தடை பின்னாலும் இருப்பதால், பூப்பந்து தலையை முன்வைத்துப் பறப்பதைப் போல இதுவும் நேராகச் செல்ல முயல்கிறது.

இதற்கு மேலும் உறுதி தருவது மரை. குழலின் உட்சுவரில் திருகாக வெட்டப்பட்ட மெல்லிய பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்கின்றன. பல தரமான ஏர்கன் குழல்களில் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 450 மி.மீ. நீளம் தேவைப்படும்படி மரை வெட்டப்பட்டிருக்கும். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு அப்படியானால் விநாடிக்கு 375 முறைக்கு மேல் சுழல்கிறது. பத்து மீட்டரைக் கடப்பதற்குள் இருபத்திரண்டு சுற்று. குண்டின் ஒரு பக்கம் சற்றுக் கனமாகவோ பாவாடை சற்று நசுங்கியோ இருந்தால், சுழற்சி அந்தக் குறையை எல்லாத் திசைக்கும் பகிர்ந்து, ஒரே பக்கம் இழுக்கவிடாமல் செய்கிறது.

திருவிழாக் கடைத் துப்பாக்கிகள் பலவற்றில் மரையே இருக்காது, வழுவழுப்பான குழல். மூன்று மீட்டருக்கு அது போதும். குண்டின் பூப்பந்து வடிவமே அந்தத் தொலைவைச் சமாளித்துவிடும். ஆகவே பலூன் தப்புவதற்கு மரையின்மையைக் குறைசொல்வது பொருந்தாது. காரணம் குறிக்கோட்டில் இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

குழலுக்குள் கழியும் நேரம்

விசையை அழுத்திய கணத்திலேயே குண்டு வெளியேறிவிடுவதில்லை. 420 மி.மீ. நீளக் குழலைக் கடக்க அதற்கு 3 முதல் 5 மில்லிவிநாடி ஆகிறது. அந்த இடைவெளியில் துப்பாக்கி எவ்வளவு அசைந்தாலும் குண்டும் அந்தத் திசைக்கே போகும்.

சுருள்வில் துப்பாக்கியில் இது பெரிய சிக்கல். இத்துப்பாக்கியில் குழலை மடக்கும்போது உள்ளே வலுவான ஸ்பிரிங் அமுங்குகிறது. விசை விடுபட்டதும் அது கனமான பிஸ்டனை முன்னோக்கி அடிக்கிறது. பிஸ்டன் முன்னே பாய்வதால் துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் முனையில் காற்று மெத்தைபோல் அமுங்கி அதை நிறுத்தும்போது, துப்பாக்கி திரும்பவும் முன்னே உதைக்கிறது. இந்த முன்பின் ஆட்டத்தின் பெரும்பகுதி குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடுகிறது. எனவே சுருள்வில் துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பவருக்குக் குறி தவறும். ஒவ்வொரு முறையும் பிடியின் இறுக்கம் மாறுவதால் குண்டும் வெவ்வேறு இடத்தில் விழும். முன்கையை வெறும் தாங்கியாக வைத்து, துப்பாக்கியை அதன் போக்கில் ஆடவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடும், குண்டுகளும் ஓரிடத்தில் குவியும். மேசைமீது நேரடியாகச் சாத்திச் சுட்டால் குறி இன்னும் நன்றாக விழும் என்று நினைத்து ஏமாறுவோர் பலர்.

நீளக் குழல் துல்லியமானது என்பதும் பாதி உண்மைதான். சுருள்வில் துப்பாக்கியில் அழுத்தப்படும் காற்றின் அளவு சிறியது. முதல் ஒரு சாண் நீளத்துக்குள்ளேயே குண்டு தன் வேகத்தில் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறது. அதற்கு மேல் உள்ள நீளம், மடக்குவதற்கு நெம்புகோலாகவும் முன்குறியைத் தொலைவில் நிறுத்தவுமே உதவுகிறது. குழல் நீளும்தோறும் குண்டு உள்ளே தங்கும் நேரமும் கூடும். கை நடுக்கம் குண்டைக் கெடுக்க அவ்வளவு கூடுதல் நேரம் கிடைக்கும். போட்டித் துப்பாக்கிகளைப் பார்த்தால் குழல் மிக நீளமாகத் தெரியும். அதன் முன்பாதி பெரும்பாலும் உள்ளீடற்ற வெறும் குழாய்தான். குண்டு அதற்கு முன்பே மரைக்குழலை விட்டுவிடும். முன்குறியை முன்னே தள்ளி வைக்கவே அந்த நீட்சிக் குழாய்.

வாய் விளிம்பு

துல்லியத்தைப் பொறுத்தவரை குழலின் மிக முக்கியமான பகுதி அதன் கடைசி ஒரு மில்லிமீட்டர்.

குண்டின் பாவாடை விளிம்பைக் கடக்கும் கணத்தில், பின்னால் அடைபட்டிருந்த காற்று முதன்முதலாக வெளியே பீறிடுகிறது. விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சீராக இருந்தால் காற்று வட்டமாக, சமமாகக் கசியும். குண்டு நேராகப் போகும். ஒரு பக்கம் சிறு வெட்டோ பிசிறோ இருந்தால் அங்கே காற்று முந்திக்கொண்டு பீறிட்டு, பாவாடையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அரை கிராம் எடையுள்ள குண்டுக்கு அந்தத் தள்ளலே போதும்; தலையாட்டிக்கொண்டே பறக்கும்.

விளிம்பு கெடுவது பெரும்பாலும் சுடும்போது அன்று, சும்மா இருக்கும்போதுதான். துப்பாக்கியைக் குழல்வாய் கீழே இருக்கும்படி தரையில் ஊன்றிச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கமே முதல் காரணம். சிமெண்டுத் தரையானால் விளிம்பு தேயும். கரிசல் புழுதியானால் நுண்மண் உள்ளே ஏறும். அடுத்த காரணம், இரும்புக் கம்பியை வாய்வழியாகவே விட்டுத் துடைப்பது. துடைப்பதானால் பஞ்சுத் துண்டை மரைக்குழலின் பின்வாய் வழியாகச் செலுத்துவதே நல்லது. பஞ்சுக் குச்சியை விளிம்பைச் சுற்றி மெல்லத் தேய்த்துப் பார்த்தால், பிசிறு உள்ள இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். காசில்லாச் சோதனை இது.

வாயில் மாட்டப்படுபவை

ஏர்கனின் வாயில் திருகியோ செருகியோ பூட்டப்படும் பொருள்கள் பல. வெளித்தோற்றத்தில் எல்லாம் கறுப்பு உருளைகள்; வேலை வேறு வேறு.

முதலாவது எடைக்கட்டி. குழலின் முனையில் சில பத்து முதல் நூறு கிராம் வரையான உலோக வளையங்களைக் கோப்பார்கள். முனை கனத்தால் அது சட்டென்று அசையாது. கை நடுக்கம் மெதுவான ஊசலாட்டமாக மாறும். நின்றுகொண்டு சுடும் போட்டியாளருக்கு இது மெய்யான உதவி. ஆனால் அளவு முக்கியம். தோள் தசை வளராத பள்ளி மாணவருக்கு முனையை அதிகம் கனப்படுத்தினால், பத்தாவது குண்டிலேயே முன்கை களைத்து, நடுக்கம் முன்னைவிடக் கூடிவிடும். ஒலிம்பிக் விதிகளில் ஏர் ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை அந்த உச்சவரம்பைத் தொட வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, 'மசில் பிரேக்' என்று விற்கப்படும் துளையிட்ட உருளை. வெடிமருந்துத் துப்பாக்கியில் இது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கிறது. சுருள்வில் ஏர்கனில் உதை வருவது பிஸ்டனிலிருந்து. குழல்வாயை வந்தடையும் காற்றோ மிகக் குறைவு, அழுத்தமும் ஏறக்குறைய இறங்கிவிட்டிருக்கும். திருப்புவதற்கே ஒன்றும் இல்லை. எனவே அது மடக்கும்போது பிடித்து இழுக்க வசதியான கைப்பிடி, சற்று எடைக்கட்டி, மற்றபடி அலங்காரம். உதை குறையும் என்று நம்பி வாங்கினால் காசு வீண்.

மூன்றாவது, காற்றுப் பிரிப்பான். உயர் அழுத்தத்தில் காற்றை முன்கூட்டியே உருளையில் அடைத்து வைத்திருக்கும் பி.சி.பி வகைத் துப்பாக்கிகளில் இதற்கு வேலை உண்டு. அங்கே உருளையின் அழுத்தம் 200 பார் அளவுக்குப் போகும்; கார் டயரைப்போல் ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. குண்டு வெளியேறும்போதும் பின்னால் கணிசமான அழுத்தம் மிஞ்சியிருக்கும். அந்தக் காற்று குண்டைவிட வேகமாகப் பாய்ந்து, முதல் சில சென்டிமீட்டருக்கு அதை முந்திக்கொண்டு செல்கிறது. அதாவது குண்டு சிறிது நேரம் பின்பக்கக் காற்றடியில் பறக்கிறது. கூம்பு வடிவத் துளை ஒன்றை வாய்க்கு எதிரே வைத்தால், குண்டு துளை வழியே போய்விடும்; காற்றின் பெரும்பகுதி கூம்பில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். வாய் விளிம்பு சிறிது கெட்டிருந்தாலும் இது ஓரளவு ஈடுசெய்யும். ஏற்கெனவே விளிம்பு சீராக இருக்கும் துப்பாக்கியில் வேறுபாடு தெரியாமலும் போகலாம்.

நான்காவது, ஒலியடக்கி. துல்லியத்துக்காக என்று சொல்லி விற்கப்பட்டாலும் அதன் வேலை அதுவன்று. உள்ளே அடுக்கடுக்கான தடுப்புகளும் நடுவே துளையும் இருப்பதால், துளை குழலின் அச்சோடு ஒத்துப்போகாவிட்டால் குண்டு ஏதாவதொரு தடுப்பில் உரசும். சட்டச் சிக்கலும் உண்டு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குத் தரும் வரையறைக்குள்ளேயே, ஓசையையோ ஒளிச்சுடரையோ குறைக்கும் துணைப்பொருள்களையும் சேர்த்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக மாணவர்கள் இதை விளையாட்டுப் பொருளாக எண்ணக்கூடாது.

உரசல் எவ்வளவு எளிதில் நேரும் என்பதற்கு ஒரு கணக்கு. 150 மி.மீ. நீள இணைப்பு ஒன்று, திருகு மரை சற்றுக் கோணலாக வெட்டப்பட்டதால் அரை பாகை மட்டும் சாய்ந்து பொருந்தியிருக்கிறது என்று கொள்வோம். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் மறுமுனையில் துளையின் மையம் 1.3 மி.மீ. விலகியிருக்கும். துளை 6 மி.மீ., குண்டு 4.5 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் இருக்கும் இடைவெளி 0.75 மி.மீ.தான். குண்டு நிச்சயம் உரசும். உரசிய குண்டு அடுத்த முறை எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. இணைப்பைக் கழற்றி, வெளித்துளையின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தால், பிறைபோல் ஒரு பக்கம் மட்டும் ஈயக்கறை பளபளக்கும். அந்தக் கறை தெரிந்தால் இணைப்பைத் தூக்கி எறிவதே சிக்கனம்.

சர்வதேச விதிகள் இந்த அலங்காரங்களுக்கு இடமே தரவில்லை. ரைபிள் போட்டிகளில் மசில் பிரேக்கும் ஈடுசெய்வான்களும் தடை. ஏர் ரைபிளின் குழலிலோ நீட்சிக் குழாயிலோ துளை இருக்கக்கூடாது. இயக்கப்பகுதியின் பின்முனையிலிருந்து வெளித்தெரியும் வாய்வரை மொத்த நீளம் 850 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. துளையிட்ட இணைப்போடு பழகிய மாணவர், போட்டியின் கருவிச் சோதனையில் அதைக் கழற்ற நேர்ந்தால், குறி இடம்பெயர்ந்த துப்பாக்கியோடு களத்தில் நிற்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கான பயிற்சி அங்கே வீணாகும்.

குறி நகர்வதும் குறி சிதறுவதும்

எந்த இணைப்பை மாட்டினாலும் கழற்றினாலும் குண்டு விழும் இடம் கொஞ்சம் நகரும். முனையின் எடை மாறியதால் குழல் அதிரும் விதம் மாறுகிறது. ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் குண்டு வெளியேறுகிறது என்பதும் மாறுகிறது. இதனால் ஐந்து குண்டும் ஒரே இடத்தில், ஆனால் பழைய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே குவிந்தால், கெட்டது ஒன்றுமில்லை. குறியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஐந்து குண்டும் ஐந்து திசையில் விழுந்தால் அதைக் குறிமானியால் திருத்தவே முடியாது. பெரும்பாலான குழப்பங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகின்றன. 'இதை மாட்டியதும் துப்பாக்கி கெட்டுவிட்டது' என்று சொல்பவர், முதலில் அட்டையை எடுத்து, குண்டுகள் நகர்ந்தனவா சிதறினவா என்று பார்க்க வேண்டும்.

கீலும் குறிக்கோடும்

மடக்குத் துப்பாக்கியில் குழல் ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை கீலில் திறந்து மூடுகிறது. கீல் ஆணி தேய்ந்தோ பூட்டும் ஆப்பு தளர்ந்தோ இருந்தால், மூடும் ஒவ்வொரு முறையும் குழல் சற்று வேறு கோணத்தில் நிற்கும். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய பாணித் துப்பாக்கிகளில் முன்குறி, பின்குறி இரண்டும் குழற்பகுதியின் மேலேயே இருக்கும். குழல் சாய்ந்தால் குறிக்கோடும் சேர்ந்தே சாயும். எனவே கீல் தளர்ச்சியால் பெரிய தீங்கு இல்லை. அதே துப்பாக்கியின் உடற்பகுதியில் தொலைநோக்கியைப் பூட்டினால் நிலைமை தலைகீழ். கண் பார்ப்பது உடற்பகுதியை வைத்து. குண்டு போவது குழலை வைத்து. விலை உயர்ந்த தொலைநோக்கியை மாட்டிய பிறகு துப்பாக்கி முன்னைவிட மோசமாகச் சுடுகிறது என்ற புலம்பலின் விளக்கம் பெரும்பாலும் இதுவே.

குழல் திறந்திருக்கும்போது தவறுதலாக விசையை அழுத்திவிட்டால், ஸ்பிரிங்கின் முழு வேகத்தில் குழல் மேல்நோக்கி அறைந்து மூடும். விரல் நடுவே இருந்தால் விரல் போகும். இல்லாவிட்டால் குழல் வளையும். அப்படி மேல்நோக்கி வளைந்த குழலைத் தொலைநோக்கியோடு சுட்டால் குண்டு மேலே மேலே போகும்.

இனி அந்தப் பலூன் கடைக்கு வருவோம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 400 மி.மீ. தொலைவு, கீழே விழுந்ததாலோ வேறு காரணத்தாலோ முன்குறி 5 மி.மீ. வலப்பக்கம் வளைந்திருக்கிறது. மூன்று மீட்டரில் குண்டு 37 மி.மீ.க்கு மேல் இடப்பக்கம் விழும். எட்டு சென்டிமீட்டர் பலூனின் நடுவைக் குறிவைத்தால், குண்டு அதன் ஓரத்தை உரசும் அல்லது தப்பும். முன்குறி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் குண்டு போகும்; பின்குறி சாய்ந்தாலோ அதே பக்கம் போகும். முதல் குண்டைப் பலூனில் வீணாக்காமல், துணியில் ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட்டு, எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்த குண்டை அந்த அளவு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறிவைப்பவர் மிச்சக் குண்டுகளில் பலூன்களை உடைத்துவிடுவார். கடைக்காரர்கள் வேண்டுமென்றே வளைக்கிறார்கள் என்ற பேச்சு எங்கும் உண்டு. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கைகள் மடக்கி, இடித்து, மேசைமேல் போடும் துப்பாக்கி தானாகவே கோணலாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குறிக்கோட்டின் வலிமையைப் பெய்ஜிங் ஒலிம்பிக் நன்கு காட்டியது. 2008 ஆகஸ்டு 11 அன்று அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அது. இறுதிச்சுற்றுக்கு முந்திய ஒத்திகைக் குண்டில் அவருக்கு விழுந்தது வெறும் 4 புள்ளி. தகுதிச்சுற்றில் 600க்கு 596 எடுத்தவருக்கு நான்கா! துப்பாக்கியின் குறி இடம்பெயர்ந்திருந்தது. நான்காவது வட்டம் என்றால் மையத்திலிருந்து சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் விலகல், 700 மி.மீ. குறிநீளத்தில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்குச் சமம். கிடைத்த சில ஒத்திகைக் குண்டுகளில் அவர் குறியைத் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5. இரண்டாம் இடம் பெற்ற சீனாவின் சூ சினான் எடுத்தது 699.7.

நீட்சிக் குழாயின் முனையில்தான் முன்குறி அமர்ந்திருக்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் குழாயைப் பூட்டும் திருகு சற்றுத் தளர்ந்து முன்குறி 0.1 மி.மீ. அசைந்தாலே, அட்டையில் 1.4 மி.மீ. விலகல்; அரைப் புள்ளிக்கு மேல் போய்விடும்.

கரிசல் மண்ணும் ஆடிக்காற்றும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பயிற்சிக்கு இடம் அமைக்க நினைப்பவர் துப்பாக்கியோடு மண்ணையும் கவனிக்க வேண்டும். கரிசல் மண் மழையில் ஊறிப் பருத்து, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமான அடித்தளம் இல்லாத கட்டடங்களில் சுவர் விரிவதும் தரை ஓடு தூக்கிக்கொள்வதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. துப்பாக்கி சுடுதலுக்கு அது நேரடிப் பாதிப்பு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் பிந்த்ரா ஏழாம் இடத்துக்கு இறங்கினார். அவர் நின்ற இடத்தின் அடியில் ஓர் ஓடு தளர்ந்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. அங்கே ஓர் ஓடு. கரிசலில் ஒழுங்காகக் கட்டாவிட்டால் தரை முழுவதுமே அப்படித்தான்.

காற்றும் குறைந்ததன்று. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும், தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் அங்கே அமைந்ததும் காரணத்தோடுதான். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, தட்டைத்தலைக் குண்டைப் பத்து மீட்டருக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளிவிடும். ஆடிமாதக் காற்று அதைவிட வேகமாகவே வீசும். வெட்டவெளியில் சோதித்துவிட்டு இணைப்பைக் குறைசொல்வது நியாயமில்லை. பள்ளிக்கூட நடைக்கூடமோ, பயன்படாத தீப்பெட்டிக் கிட்டங்கியோ, பின்சுவர் உறுதியாக இருந்தால், அந்தச் சோதனைக்குப் பொருத்தமான இடம்.

வெயிலில் காயவைத்த பி.சி.பி துப்பாக்கியும் குறி மாறும். குழலும் காற்று உருளையும் ஒரே வளையத்தால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால், உருளை சூடேறியோ அழுத்தம் மாறியோ நுண்ணளவு நெளியும்போது குழலையும் இழுக்கும். குழலை எதையும் தொடாமல் தனித்து நிற்கவிடும் அமைப்பு இதனால்தான் விரும்பப்படுகிறது.

சோதிக்கும் முறை

ஓர் இணைப்பு நல்லதா என்று அறிய, அதை மாட்டி ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தால் போதாது. ஐந்து குண்டில் தற்செயலாகவே ஒருமுறை நெருக்கமாகவும் ஒருமுறை அகலமாகவும் விழும். இணைப்போடு ஐந்து, இல்லாமல் ஐந்து என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து அட்டைகளாவது சுட வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் இடைவெளியை அளந்து சராசரி காண வேண்டும். இரண்டு சராசரிக்கும் உள்ள வேறுபாடு, ஒரே நிலையில் சுட்ட அட்டைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டைவிடச் சிறியதாக இருந்தால், இணைப்பால் பயன் இருப்பதாகச் சொல்ல முடியாது.

அதற்கு முன் கட்டைத் திருகுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். சுருள்வில் துப்பாக்கியில் உதையால் இவை தளர்ந்துகொண்டே இருக்கும்; குறி சிதறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இவற்றைத்தான். பிறகு குண்டு. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று நூலிழை வேறுபாட்டில் குண்டுகள் விற்கப்படுவதற்குக் காரணம், ஒவ்வொரு குழலும் ஒரு குறிப்பிட்ட அளவை விரும்புவதே. ஒரு டப்பா நல்ல குண்டு செய்யும் நன்மையைப் பல இணைப்புகள் சேர்ந்தும் செய்யாது. குண்டு ஈயம், தொட்ட கையைக் கழுவாமல் கடலைமிட்டாயை எடுக்கக்கூடாது.

சட்ட எல்லை

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழல்விட்டமோ, குழல்வாயில் 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். 0.53 கிராம் குண்டு விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் சுமார் 8 ஜூல். போட்டித் துப்பாக்கிகள் இந்த அளவில்தான் இயங்குகின்றன. அதே குண்டு 20 ஜூலைத் தொட விநாடிக்கு 275 மீட்டர் வேகம் தேவை. உரிமம் தேவையில்லை என்பதால் தீங்கற்றது என்று பொருளாகாது. 8 ஜூல் குண்டு ஒரு கண்ணைப் போக்கப் போதும். எதிரே இருப்பது பலூனானாலும் அட்டையானாலும், பின்னால் குண்டைத் தாங்கும் சுவரும், சுடுபவர் கண்ணில் கண்ணாடியும் வேண்டும்.

கம்பும் மக்காச்சோளமும் விதைத்த கரிசல் நிலங்களில் மயில்கள் விதையைக் கொத்துவது விவசாயிகளின் நெடுநாள் குறை. அதற்கு ஏர்கனைத் தூக்குவோர் உண்டு. மயில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள பறவை. உரிமம் வேண்டாத துப்பாக்கியால் சுட்டாலும் குற்றம் குற்றமே. மயிலை விடுங்கள், கொக்கும் கவுதாரியும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவையே. முறையாகச் சுடக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு மதுரை, கோவை, சென்னை ஆகிய நகரங்களில் ரைபிள் கிளப்கள் உள்ளன. கோவில்பட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கே பயிற்சியாளர் முதலில் கற்றுத்தருவது எப்படி நிற்பது என்பதைத்தான். குழலில் எதையும் மாட்டும் பேச்சு வெகுநாள் கழித்தே வரும்.